மேல்பல் முதலில் முளைத்தவள்

குழந்தைப் பல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரைப் பார்த்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். குழந்தை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறது, பெற்றோர் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ராத்திரியில் பல்லுக்கு மாட்டுகிற நைட் கார்டு போட்டு அனுப்பிவிடலாமா மேடம்? கிளினிக்கை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், இப்போதும் போனில் இதே கேள்விதான் வருகிறது.

பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில். வளர்கிற தாடை அது. பல் விழுந்து பல் முளைக்கிற வாயில் பிளாஸ்டிக் உறையை மாட்டி வைப்பது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. குழந்தை குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, தொண்டையில் சதை வீங்கியிருக்கிறதா, நெஞ்சு கரிக்கிறது என்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சை எழுதித் தேறி வந்தவர்களுக்கு நான் மறுபடியும் வகுப்பு எடுக்கப் போவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தன்யாவுக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளுடைய அம்மா கௌரி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தன்யா கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அதிலிருந்து அம்மாவும் பெண்ணும் பிள்ளையார்பாளையத்தில் கௌரியின் தம்பி சேகர் வீட்டில்தான் இருந்தார்கள். சேகர் பட்டு நெசவாளி, வீட்டிலேயே தறி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கம்பெனி பஸ் எந்த நேரத்தில் வந்து கௌரியை அள்ளிக்கொண்டு போனாலும் தன்யாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவது எல்லாம் மாமன்தான். ஒரு ஆண்பிள்ளை அவ்வளவு நேர்த்தியாக இரட்டைப் பின்னல் போட்டு நான் பார்த்ததில்லை.

முதல் தடவை மூன்று பேருமாகத்தான் வந்தார்கள். சேகர் தன் போனில் குழந்தை பல் கடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருக்கிற மனிதர். அது காதில் விழுவதே இல்லை, இந்தச் சத்தம் மட்டும் தூங்கவிடுவதில்லை என்றார். கேட்டேன். பல் கடிக்கிற சத்தம் இருந்தது, குறட்டை இல்லை. வாயைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன். பால் பற்களின் முனை கொஞ்சம் தேய்ந்திருந்தது. வலி இல்லை, கூச்சம் இல்லை. பூச்சி மருந்து ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று கௌரி சொன்னார். நம் ஊரில் குழந்தை பல்லைக் கடித்தால் முதலில் பழி பூச்சி மேல்தான் விழும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பல் விழுந்து முளைக்கிற பருவத்தில் நிறையக் குழந்தைகள் கடிக்கும், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும், சும்மா கவனித்துக்கொண்டிருங்கள் என்றேன்.

மருந்து எழுதாத டாக்டரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. கௌரியின் முகம் கொஞ்சம் வாடியது. அந்த நிலைமையைச் சரிசெய்யத்தான் சேகர் அந்த வேடிக்கையைச் சொன்னார்.

“இவளுக்கு மேல் பல்லுதான் மேடம் முதல்ல மொளைச்சுது. மாமனுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னாங்க. அதான் ராத்திரி ராத்திரி என்னைத் தின்னப் பாக்குறா.”

இந்தப் பேச்சு உங்களுக்கும் தெரிந்திருக்கும். கீழ்ப்பல்லுக்கு முன்னால் மேல்பல் எட்டிப் பார்த்துவிட்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அதை உண்மையென்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மருமகளைக் கொஞ்சுவதற்கென்றே வைத்திருக்கிற மாமன்களும் இருக்கிறார்கள். சேகர் இரண்டாம் ரகம். அவள் தவழ்ந்த நாளிலிருந்து அவர் சொல்லிவந்த வேடிக்கை அது என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. கௌரி சிரித்தார், என் உதவியாளர் சிரித்தார். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. புது இடம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை சேகரின் இடது கை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ரங்கசாமி குளம் திருப்பத்தில் வண்டிக்குக் குறுக்கே நாய் பாய்ந்துவிட்டதாம். தறி சும்மா கிடக்கிறது. ஆனால் கௌரியின் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

“பல்லு கடிக்கிறது சுத்தமா நின்னுடுச்சு மேடம். மருந்து மாத்திரை இல்லாமலே. உங்க கைராசி.”

கைராசி என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் உச்சி குளிரும். எனக்கும் குளிர்ந்தது. பிறகு கௌரி மெல்ல மற்றதைச் சொல்ல ஆரம்பித்தார். குழந்தைக்கு வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்திருக்கிறது, தாடை வலிக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளுகிறாள், வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். படுக்கையில் கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாளாம். நம்மிடம் வரும் பெற்றோர் சத்தம் நின்றதும் நோயே நின்றுவிட்டதாக நம்பிவிடுவார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து நம்பிவிடாதீர்கள். இத்தனை வேகமாக ஒரு குழந்தை பல் கடிப்பதை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பற்களின் இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. அரக்கு நிறத்தில் ஈரமான பட்டு இழை. மறுபக்கமும் அப்படியே. தறிக்குக் கீழே விழுந்து கிடக்கும் கழிவு நூல்.

“நூலைத் தின்றியாடி நீ?” என்று கௌரி கையை ஓங்கிவிட்டார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். ஆனால் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. அம்மாவும் மாமாவும் கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேரும் மறுபேச்சு இல்லாமல் போனார்கள். உதவியாளரை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்தேன். முகக்கவசத்தைக் கழற்றினேன். என் ஸ்டூலை இறக்கிக்கொண்டு அவளுக்குக் கீழே உட்கார்ந்தேன். குழந்தையிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் அதன் முகம் நம் முகத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

நூல் ருசியாக இருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு எதற்கு என்று கேட்டேன். கவுனின் பையில் கையைவிட்டு ஒரு சின்ன நூல் உருண்டையை எடுத்துக் காட்டினாள்.

“இத வாய்ல ரெண்டு பக்கமும் வச்சுக்கினு படுத்தா பல்லும் பல்லும் படாது. அப்போ கடிக்க முடியாது இல்ல.”

எதைக் கடிக்க முடியாது என்று கேட்டேன். பதிலுக்கு அவள் இன்னொன்று கேட்டாள்.

“ஆன்ட்டி, எல்லாப் பல்லையும் புடுங்கிடுறீங்களா? நான் அழ மாட்டேன்.”

பல்லைப் பிடுங்க மாட்டேன், பிடுங்க மாட்டேன் என்று குழந்தைகளிடம் சத்தியம் செய்தே என் உத்தியோக காலம் முழுவதும் போயிருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடு என்று கேட்ட ஒரே குழந்தை அவள்தான். எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டேன். எந்தப் பல்லும் வலிக்கவில்லை என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தூக்கத்தில் அவள் பல்லைக் கடிப்பது மாமாவைக் கடிப்பதாம். மாமா எப்போதும் அப்படித்தான் சொல்லுவாராம். முதலில் அவளுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்ததாம். அப்புறம் ஒருநாள் மாமா கையில் கட்டோடு வீட்டுக்கு வந்து, பாத்தியா பாப்பா, நேத்து ராத்திரி நல்லாக் கடிச்சுட்ட என்று சொன்னாராம்.

வலியோடு வந்தவர் குழந்தை பயந்துவிடக் கூடாதே என்று சொன்ன வேடிக்கை அது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றியிருக்காது. அப்பா இல்லாத குழந்தைக்கு இருக்கிற ஒரே மாமன் அவர்.

“மாமாவாண்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. சொன்னா மாமா என்னைப் பாத்துப் பயந்துக்கும்.”

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தும்விட்டேன். கொடுத்த பிறகுதான் என் நிலைமை புரிந்தது. தூங்குகிற குழந்தையின் வாயில் நூல் உருண்டை இருக்கிறது. அது தொண்டைக்குள் நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று ராத்திரியும் அவள் அதை வைத்துக்கொள்ளத்தான் போகிறாள். வீட்டில் இருக்கிற நூலையெல்லாம் எடுத்து ஒளிக்கச் சொல்லலாம் என்றால், அது நெசவாளி வீடு. நூலை ஒளித்தாலும் அவள் துண்டைக் கிழித்து வைத்துக்கொள்வாள். வெளியே போய் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த நிமிடமே அது வீடெங்கும் பரவிவிடும். இனி இந்தக் குழந்தை எந்தப் பெரியவரிடமும் வாயைத் திறக்காது.

இன்னொரு சுலபமான வழி என் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. நீங்கள் கேட்கிற அதே நைட் கார்டு. அளவெடுத்துச் செய்து கொடுத்திருந்தால் வாங்கி மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பாள். நூல் ஆபத்து அதோடு தீர்ந்திருக்கும், கௌரிக்கும் டாக்டர் ஏதோ செய்தார் என்ற திருப்தி கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னால், மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். இவள் பற்களைப் பூட்டிவைக்கத்தான் வேண்டும் என்று டாக்டரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த பிளாஸ்டிக்கை அவள் எப்போது கழற்றுவாள்? கழற்றிய அன்று மாமனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் போச்சு.

பல் கடிப்பதற்கும் மாமாவின் கைக்கும் சம்பந்தம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகத் தலையாட்டினாள். டீச்சர் சொன்னால் குழந்தைகள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல். நான் சொல்லி இது தீராது, சொல்ல வேண்டியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது. ஆனால் அவரிடம் நான் சொல்லக் கூடாது.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. முதல் தடவை சேகர் சிரித்தபோது அவருடைய கோரைப் பற்களைப் பார்த்திருந்தேன். பல் டாக்டர் கண் வேறெங்கே போகும்? அவை கூர் மழுங்கித் தட்டையாகத் தேய்ந்திருந்தன. மாமா பல்லை நீ பார்த்திருக்கிறாயா என்று தன்யாவிடம் கேட்டேன். இல்லை என்றாள். இன்றைக்கு நீதான் டாக்டர் என்று சொல்லி அவளை இறக்கிவிட்டு, சேகரைக் கூப்பிட்டு நாற்காலியில் படுக்க வைத்தேன். எனக்கா மேடம், எனக்கெதுக்கு என்று தடுமாறினார். கௌரி வாசலில் வந்து நின்றார். தன்யாவின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, என் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா பல்லு மொட்டையா இருக்குது” என்றாள்.

எப்படித் தேய்ந்தது தெரியுமா, மாமாவும் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்தான், அது சில குடும்பத்தில் அப்படி வரும் என்றேன். சேகர் இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலிலிருந்து கௌரி முந்திக்கொண்டார். சின்ன வயதில் இவன் கடிக்கிற கடியில் அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவாராம்.

தன்யா கண்ணாடியை வைத்துவிட்டாள். மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தியம் வாங்கியது அவள்தான், அதைத் தாண்ட வேண்டியதும் அவள்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் தொழிலில் நான் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

“நீ யாரை மாமா தின்ற?” என்று கேட்டாள்.

சேகரின் உதட்டில் வழக்கமான சிரிப்பு வரப் பார்த்தது. உன்னைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். கண்ணால் அவருக்கு ஏதாவது சாடை காட்டலாமா என்று தவித்தேன். தேவைப்படவில்லை. அவள் கண்களை அவரே பார்த்தார். அந்தச் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டுப் போட்ட கையோடு தரையில் அவள் முன்னால் உட்கார்ந்தார்.

“யாரையும் தின்னல பாப்பா. நீயும் யாரையும் தின்னல. மாமா சொன்னது வெளயாட்டும்மா.”

“அப்போ உன் கை எப்புடி ஒடஞ்சுது?”

நாய் வந்த கதையைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒருமுறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

“போன் பேசிக்கினே வண்டி ஓட்டிக்கினு வந்தேன். பள்ளத்தைப் பாக்கல, வுழுந்துட்டேன். நாய் ஒண்ணும் வரல. அம்மா திட்டும்னு பொய் சொன்னேன்.”

“நெஜமா?”

“காமாட்சி மேல சத்தியமா.”

அவள் முகத்தில் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். திடீரென்று வாசல் பக்கம் திரும்பினாள். எல்லாக் குழந்தைகளுக்கும் கோள் சொல்லும்போது வருமே ஒரு ஆனந்தம், அது முகமெல்லாம் இருந்தது.

“அம்மா, மாமா போன் பேசிக்கினு வண்டி ஓட்டிச்சாம்மா.”

கௌரி பிடித்துக்கொண்டார். போனைப் பற்றி, ஹெல்மெட்டைப் பற்றி, தறி சும்மா கிடப்பதைப் பற்றி, நாய் மேல் போட்ட பழியைப் பற்றி ஒன்றும் விட்டுவைக்கவில்லை. சேகர் தரையில் உட்கார்ந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். நடுவில் தன்யா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, திட்டாதம்மா, பாவம்மா என்று வக்கீல் வேலையும் பார்த்தாள். என் உதவியாளர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை, கையுறை போட்டிருந்தேன்.

பிறகு என் வேலையைப் பார்த்தேன். வாயோரப் புண்ணுக்கு ஒரு களிம்பு எழுதினேன். நூல் உருண்டையை எதற்கு வைத்தாள் என்று மாமாவின் காதில் சொல்லிவிட்டு, அவளே அதை என் கையில் கொடுத்துவிட்டாள். இனி எதையும் வாயில் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது, வைத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று மூன்று பேருக்கும் சேர்த்தே சொன்னேன். எதற்காக வைத்தாள் என்பதை கௌரிக்கு விளக்கும் பொறுப்பை சேகரே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு யாராவது ஒருவர் அவள் தூங்கும் வரை பக்கத்தில் இருங்கள், வாயைப் பாருங்கள் என்றேன். மாதக் கடைசியில் மறுபடி கூட்டி வரச் சொன்னேன்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை சேகரின் நல்ல தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ தெரியவில்லை, கை கால் எல்லாம் தொங்கிப்போய் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். வெளியே சாயங்கால பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதுவும் அவளை அசைக்கவில்லை. கௌரி செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கிளம்பினார்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. நறநறவென்று, அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இதை நிறுத்தத்தான் முதன்முதலில் என்னிடம் வந்தார்கள். கௌரி பதறித் திரும்பி வந்தார், வீட்டில் செய்வதுபோல் கன்னத்தைத் தட்டி நிறுத்துவதற்கு. சேகர் கட்டுப் போட்ட கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். தன் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்து இன்னும் நெருக்கமாகக் கேட்டார்.

“வுடுக்கா, தூங்கட்டும். நல்லா கடிக்கட்டும்” என்றார்.